இடையில் சேர்ந்து வாழ்ந்ததுண்டா?

இல்ல மேடம், எல்லாம் நிரப்பிட்டேன். இந்த விவாகரத்து விண்ணப்பத்துல இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. பதினாலாவது. மத்ததெல்லாம் நீங்களே பாருங்க. பேரு, பிறந்த தேதி, கல்யாணத் தேதி, விலாசம். ஆமா, ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்தான், தப்பா எழுதல. அதே வீடு, அதே மூணாவது மாடி, அதே கதவு. அதுக்குக் கீழயே ஒரு கட்டம் இருக்கே, ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக வசித்தோம்னு. அதுல டிக் பண்ணியிருக்கேன் பாருங்க.

உக்காரலாமா? நல்லதுங்க. பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. அங்க உக்காந்தா எதிர்ல இருக்கற கடிகாரத்தைத் தவிர வேற எதையும் பாக்க முடியல. நீங்க நாலு மணிக்கு மூடிடுவீங்கல்ல? அவ மூணரைக்கு வந்துடுவா. ரெண்டு மணிக்கு டியூட்டி முடியும், வார்டை அடுத்த நர்ஸ்கிட்ட ஒப்படைப்பா, துணி மாத்துவா, பஸ் பிடிப்பா. மூணரைன்னா மூணரைதான், ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்காது. அவ வர்றதுக்குள்ள இதுக்கு ஒரு பதில் எனக்குத் தெரிஞ்சாகணும். அவ முன்னாடி கேக்க முடியாது.

படிக்கறேன், கேளுங்க. பிரிந்து வாழ்ந்த பன்னிரண்டு மாத காலத்தில் இடையில் கணவன் மனைவியாக மீண்டும் சேர்ந்து வாழ்ந்ததுண்டா? ஆம், இல்லை. ஆம் எனில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை.

அவ அவளோட பக்கத்துல இல்லைன்னு டிக் பண்ணிட்டா. பேனாவை எப்படி அழுத்தியிருக்கா பாருங்க, தாளைத் திருப்பித் தடவினா பின்னாடி மேடா தெரியுது. கையெழுத்து போடவேண்டிய இடத்துல எல்லாம் சின்னச் சின்னதா மஞ்சத் தாளு வேற ஒட்டி வச்சிருக்கா, எனக்காக. இங்க போடுங்க, இங்க போடுங்கன்னு. நான்தான் மனுதாரர் எண் ரெண்டு. சிரிக்காதீங்க, வீட்டுலயும் அப்படித்தான்.

சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இதுல ஆமான்னு டிக் பண்ணினா, அந்தத் தேதியில இருந்து திரும்ப ஒரு வருஷம் எண்ணணுமாமே? உங்க துண்டறிக்கையில அப்படித்தான் போட்டிருக்கு. ...அப்போ நான் படிச்சது சரிதான். அப்படின்னா இன்னிக்கு நீங்க இதை வாங்கிக்க மாட்டீங்க. திருப்பிக் குடுத்துடுவீங்க. இன்னும் பத்து மாசம் அவ என் பொண்டாட்டி.

இல்ல இல்ல, நான் இழுத்தடிக்க வரல. பாத்தா அப்படித் தெரியுதா? சத்தியம் பண்ணிக் கையெழுத்து போடணும்னு நீங்கதானே அச்சடிச்சு வச்சிருக்கீங்க. பொய் எழுதினா குத்தம்னும் கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அதான் கேக்கறேன். மனுஷன் உண்மையை எழுதணும்னு நினைச்சா அதுக்கும் சந்தேகப்பட்டா எப்படி?

அவளுக்கு வேற ஊர் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. தலைமை நர்ஸ். ஒண்ணாந்தேதி சேரணும். அங்க வீடும் பாத்தாச்சு, ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, ஒரே ஒரு நாற்காலி வாங்கப்போறாளாம். ஒண்ணேதான். நான் கேட்டேன், யாராவது வந்தா எங்க உக்காருவாங்கன்னு. யாரும் வரவேண்டாம்னா. போறதுக்கு முன்னாடி இந்தப் பேப்பர் வேலையை முடிச்சுட்டுப் போகணும்னு நிக்கறா. நான் இதுல ஆமான்னு போட்டாலும் அவ போகத்தான் போறா, எனக்குத் தெரியாதா. ஆனா இதை முடிக்காம போகணும். அது அவளுக்கு எப்படி இருக்கும்னும் எனக்குத் தெரியும்.

காரணமா? நல்லா கேட்டீங்க போங்க. அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். இந்த விண்ணப்பத்துல அதுக்கு ஒரு வரிகூட இல்லையே? முன்னாடி பின்னாடி புரட்டிட்டேன். இனிச் சேர்ந்து வாழ இயலாதுன்னு ஒரு கட்டம், அவ்வளவுதான். யார் மேலயும் குற்றம் சாட்டத் தேவையில்லைன்னு அடியில வேற போட்டிருக்கு. நான் முப்பத்து மூணு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன் மேடம். ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னு போச்சுன்னா சரி பண்ணினா மட்டும் ஆகாது, ரிப்போர்ட் எழுதணும். என்ன பழுது, எதனால வந்தது, எந்தப் பாகம். காரணம் எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்னா என் மேலதிகாரி கிழிச்சு மூஞ்சியில வீசுவார். முப்பத்தொரு வருஷக் கல்யாணம் நின்னு போச்சு, நீங்க என்னடான்னா காரணமே வேண்டாங்கறீங்க.

கேட்டேன் மேடம், கேக்காம இருப்பேனா. நான் குடிக்கறேனா? கை நீட்டியிருக்கேனா? வேற யார் பின்னாடியாவது போனேனா? ஒண்ணும் இல்ல, நீங்க நல்லவருதான்னா. பாருங்க. கெட்டவன்னு சொல்லிட்டுப் போனாலாவது நாலு பேர்கிட்ட போய்ச் சண்டை போடலாம். நல்லவன்னு சொல்லிட்டுப் போறவளை என்ன பண்றது?

ஒரு நாள் மட்டும் வாயைத் திறந்து சொன்னா. ஷூகூடக் கழட்டல, வாசல்லயே நின்னுட்டு சொன்னா. வார்டுல எனக்கு இருபத்திரண்டு கட்டில், வீட்டுக்கு வந்தா இருபத்து மூணாவது கட்டில்ல நீங்க. சாக்ஸ் எங்க, மாத்திரை எங்க, மூக்குக்கண்ணாடி எங்க. யாரையும் பாத்துக்காம ஒரு வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குப் பாக்கணும், அவ்வளவுதான்னா. எனக்கு வந்துச்சே கோவம். கண்ணாடி எங்கன்னு கேட்டது ஒரு குத்தமா மேடம்? அது அவ வச்ச இடத்துலதானே இருக்கும்!

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேரம் என்ன? ரெண்டே முக்கால். பரவாயில்ல.

அந்தத் துண்டறிக்கை இருக்கே, உங்க வாசல்ல அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. ஒருத்தருக்கு ஒருத்தர் சமைக்கக் கூடாது. துவைக்கக் கூடாது. ஒரே அறையில படுக்கக் கூடாது. ஜோடியா எங்கயும் போகக் கூடாது. வார்டுல சார்ட் பாத்து மருந்து குடுக்கற மாதிரி அதைப் பாத்துப் பாத்து வீட்டை நடத்தினா. ஃபிரிட்ஜ்ல மேல ரெண்டு தட்டு அவளுக்கு, கீழ ரெண்டு எனக்கு. வாஷிங் மெஷின் திங்களும் வியாழனும் அவளுக்கு. ஒரு வியாழக்கிழமை என் சட்டை ஒண்ணைத் தெரியாத மாதிரி அவ துணியோட போட்டு விட்டேன். அதை மட்டும் ஈரத்தோட எடுத்து என் கதவுப் பிடியில மாட்டிட்டுப் போயிட்டா. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், தரையெல்லாம் தண்ணி.

டீ விஷயம் சொன்னேனா? அவளுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கற நாள்ல எல்லாம் நான்தான் டீ போட்டு ஃபிளாஸ்க்ல ஊத்தி வைப்பேன். நான் ஒண்ணுமே செய்யாதவன்னு நினைச்சுடாதீங்க. இருபது வருஷமா டீ போட்டிருக்கேன். பிரிஞ்சதுக்கப்புறம் முதல் வாரம் பழக்க தோஷத்துல வச்சுட்டேன். திறக்கவே இல்ல. பக்கத்துல ஒரு சீட்டு, இது கூடாதுன்னு. இது கூடாது, அவ்வளவுதான், கோவமாக்கூட இல்ல. அன்னிக்குத்தான் மேடம் நான் அந்தத் துண்டறிக்கையை முழுசா, நிதானமா, முதல் தடவையா படிச்சேன்.

படிச்சப்ப புரிஞ்சுது, எது எதெல்லாம் கூடாதுன்னு. எதை எதைச் செஞ்சா வருஷம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்னும் புரிஞ்சுது.

இல்ல, ஒண்ணும் பண்ணல. பண்ணலைன்னு சொல்றேன்ல. பத்து மாசம் கல்லு மாதிரி இருந்தேன். என் அறை, என் தட்டு, என் சட்டை. அவ சமையல்கட்டுல இருந்தா நான் ஹால்ல. அவ ஹாலுக்கு வந்தா நான் பால்கனியில. வழியில எதிர்ப்பட்டா ஓரமா ஒதுங்கி நிப்போம், லிஃப்ட்ல முன்னப்பின்ன தெரியாதவங்க நிப்பாங்களே, அது மாதிரி. அப்புறம்தான் அந்த மூணு நாள்.

உடம்புக்கு முடியல மேடம். ஒரு சனிக்கிழமை. எழுந்திருக்கவே முடியல. காய்ச்சல்னா அப்படி இப்படி இல்ல, உடம்பு கொதிக்குது, தலை வெடிக்குது. முனகிட்டே கிடந்தேன். அவ டியூட்டிக்குக் கிளம்பி, பையைத் தோள்ல மாட்டிட்டு, என் அறை வாசல்ல வந்து நின்னா. பத்து மாசத்துல அந்த வாசப்படியை அவ தாண்டினதே கிடையாது. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் பையைக் கீழ வச்சா. போனை எடுத்து வார்டுக்குப் பேசினா, மூணு நாள் லீவு வேணும்னு. லீவே போடாதவ. எங்க மக கல்யாணத்துக்கே நாலு நாள்தான் போட்டா.

அந்த மூணு நாள் எப்படின்னு சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. நெத்தியில ஈரத்துணி போட்டா. சூப் வச்சுக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடிச்சு, ஸ்பூன்ல குடுத்தா. நான் படுத்திருக்கும்போதே, என்னை ஒரு பக்கமா சாய்ச்சு, இந்தப் பக்கம் படுக்கை விரிப்பைச் சுருட்டி, அந்தப் பக்கம் விரிச்சு மாத்திட்டா, நர்ஸுங்க செய்வாங்களே. என் துணியைத் துவைச்சா, அதுவும் அவளோட நாள்ல. ராத்திரியில நாற்காலியைக் கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு அதுலயே தூங்கினா. பேசினோம் மேடம். முன்னாடி இருந்த வீட்டுல மழை பெய்ஞ்சா சமையல்கட்டு ஒழுகும், ஒரு தடவை கூரைமேல ஏறி ஓட்டை அடைக்கப்போய் நான் ஓட்டையைப் பெருசாக்கிட்டு இறங்கினேன். அதைச் சொல்லிச் சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கச் சிரிச்சா. பத்து மாசத்துல நாங்க பேசினது எல்லாத்தையும் சேத்தாலும் அந்த மூணு நாள்ல பேசின அளவுக்கு வராது.

அவ கை என் கைமேல இருந்துச்சு. நாடி பாக்கற பிடி இல்ல அது. முப்பத்தொரு வருஷத்துல எனக்கு அந்தப் பிடி தெரியாதா? இது வேற.

இப்ப சொல்லுங்க. இதுக்கு நான் இல்லைன்னு டிக் பண்ணினா பொய்யா, உண்மையா?

...இது கணக்குல வராதா? யார் சொன்னது? எங்க போட்டிருக்கு, காட்டுங்க. ...ம். நோயுற்றவரை மனிதாபிமான அடிப்படையில். ...ம். கவனித்துக்கொள்வது சேர்ந்து வாழ்வதாகக் கருதப்படாது. இந்தப் பக்கத்தை நான் பாக்கலையே. என் தாள்ல இது இல்லைங்க. பழைய தாளா?

சரி. சரிங்க. சட்டம்னா சட்டம். உடம்பு முடியாதவனைப் பாத்துக்கிட்டா அது சேர்த்தி இல்ல. யாரா இருந்தாலும் செய்வாங்க. ரோட்டுல விழுந்து கிடக்கறவனுக்கும் செய்வாங்க. புரிஞ்சுது.

ஒரு நிமிஷம். தாளை எடுக்காதீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நோயாளியைப் பாத்துக்கிட்டா வராது. நோயே இல்லாதவனைப் பாத்துக்கிட்டா?

இல்ல, கிண்டல் பண்ணல மேடம். நிஜமாத்தான் கேக்கறேன். ஒருத்தனுக்கு உடம்புல ஒண்ணுமே இல்ல. நல்லா கல்லு மாதிரி இருக்கான். ஒருத்தி மூணு நாள் லீவு போட்டுட்டு அவன் பக்கத்துல உக்காந்திருக்கா. அதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?

...

ஆமா. காய்ச்சல் இல்ல. தலைவலி இல்ல. ஒரு மண்ணும் இல்ல. அவ அறைக் கதவு திறக்கற சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்துப் போட்டுட்டு முனக ஆரம்பிச்சேன். திட்டம் போட்டுத்தான் பண்ணினேன். சமைக்க வைக்கணும், துவைக்க வைக்கணும், ஒரே அறையில படுக்க வைக்கணும். ஃபிரிட்ஜ்ல இருந்த அந்தத் தாளை வரிவரியா வச்சுப் பண்ணினேன். அறுபது வயசு ஆகப்போகுது எனக்கு, ஸ்கூலுக்கு மட்டம் போடற புள்ளை மாதிரி படுத்துக் கிடந்தேன். வெக்கமாத்தான் இருக்கு. பொண்டாட்டி போயிடக்கூடாதுன்னு நினைக்கறவனுக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க? எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

அதைச் சொல்லாதீங்க மேடம். ஏமாத்தி வாங்கினதும் சேர்த்தி இல்லைன்னு நீங்க சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். நான் நோயாளின்னு அவளை நம்ப வச்சுத்தானே செய்ய வச்சேன், அதனால அதுவும் செல்லாதுன்னு. சரியாத்தான் சொல்றீங்க. அவ நம்பியிருந்தாத்தானே.

இருபத்தெட்டு வருஷம் நர்ஸ் அவ. கதவுகிட்ட நின்னே சொல்லிடுவா, யாருக்கு என்னன்னு. மூச்சு விடறதை வச்சுச் சொல்வா. நெத்தியில கையை வச்சவளுக்குச் சூடு இருக்கா இல்லையான்னு தெரியாதா? அந்த மூணு நாள்ல அவ தெர்மாமீட்டரை ஒரு தடவைகூட எடுக்கல மேடம். டாக்டர்கிட்ட போலாமான்னு கேக்கல. ஒரு மாத்திரை குடுக்கல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஜலதோஷம்னா அரைப்பெட்டி மருந்தோட போய் நிக்கறவ. எனக்கு வெறும் தண்ணியில நனைச்ச துணி, சூப்பு, அவ்வளவுதான். ரெண்டாம் நாள் சாயந்தரம்தான் எனக்கு உறைச்சுது. கண்ணை மூடிட்டு இருந்தேன். திறந்தேன். அவ என்னைத்தான் பாத்துட்டு இருந்தா. நான் முனகல. அவளும் ஒண்ணும் கேக்கல. மூணாம் நாளும் அப்படியே ரெண்டு பேரும் இருந்தோம்.

அப்போ அது வரும்தானே? நோயும் இல்ல, ஏமாத்தும் இல்ல. தெரிஞ்சே உக்காந்திருந்தா. அது கணவன் மனைவியாத்தானே?

...ம். நானும் அப்படித்தான் நினைக்கறேன். இல்ல, நீங்க சத்தமா சொல்லவேண்டாம், உங்க வேலைக்குப் பிரச்சனை வரும். அவகிட்டயும் கேட்டு எழுதணும்னா, தாள்ல இல்லைன்னு போட்டிருந்தாலும் நேர்ல கேட்டா அவ பொய் சொல்ல மாட்டா. அதுவும் எனக்குத் தெரியும். அது கணக்குல வரும்னு உங்க வாயில இருந்து ஒரு தடவை கேக்கணும்னுதான் வந்தேன். கேட்டுட்டேன்.

மணி மூணே கால்தான் ஆச்சு, அதோ அங்க வர்றா பாருங்க. கண்ணாடிக் கதவுக்கு வெளிய, குடையை மடக்கறா. சீக்கிரம் வந்துட்டா. முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா சீக்கிரம் வந்துட்டா.

தேதி எழுத வேண்டாம் மேடம். அதை வைங்க. இல்லைன்னே போட்டுடறேன். உண்மையை எழுதணும்னுதான் சொன்னேன், இல்லைங்கல. பொய்யின்னு புடிச்சா என்னைப் புடிங்க, அவளை விட்டுடுங்க.

மூணாம் நாள் மத்தியானம் அவ நாற்காலியை எடுத்த இடத்துல கொண்டுபோய் வச்சா. ஈரத்துணியைப் பிழிஞ்சு காயப்போட்டா. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கையைக் கழுவினா. அப்புறம் என் அறை வாசல்ல வந்து நின்னு, போதுமான்னு கேட்டா. கோவமா இல்ல மேடம், நிஜமாவே கேட்டா. இன்னும் வேணும்னா இன்னும் ஒரு நாள் இருந்திருப்பா, அந்த இருபத்து மூணாவது கட்டில் பக்கத்துல. அதுதான் பயமா இருந்துச்சு. போதும்னு சொல்லிட்டேன்.

பேனாவைக் குடுங்க, உள்ள வந்துட்டா.